லோரிக்கும் லோரிக்கும் நடுவுல ஒரு நாவல்: வேலைக்கு போய்ட்டே எழுதுறது எப்படி

நான் மலேசியால, ஜொகூர் மாநிலத்துல லாபிஸ் பக்கத்துல ஒரு செம்பனை (பாமாயில்) மில்லுல வேபிரிட்ஜ் கிராணி, அதாவது லோரிய எடை போடுற கிளார்க். லோரி பழத்தோட வரும்போது ஒரு தடவ நிறுக்கணும், பழத்த கொட்டிட்டு காலியா திரும்பி வரும்போது இன்னொரு தடவ நிறுக்கணும், கழிச்சு பாத்து டிக்கெட் அடிச்சு டிரைவர் கையில குடுக்கணும், அவ்ளோதான் வேலை. கேக்க சுலபமா இருக்கும். ஆனா வெட்டுன குலைய 24 மணி நேரத்துக்குள்ள வேக வச்சிடணும், லேட்டாச்சுன்னா எண்ணெய்ல அமிலம் ஏறி தரம் எறங்கிடும், அதனால பழம் நமக்காக காத்திருக்காது, நாமதான் அதுக்காக காத்து கெடக்கணும். காலைல 7 மணிக்கு உள்ள போனா ராத்திரி 7 மணிக்கு வெளிய. வீட்டுல ரெண்டு பொம்பள புள்ளைங்க, எங்கம்மா. வீட்டுக்காரருக்கு சிங்கப்பூர்ல வேலை, வாரத்துக்கு ஒரு தடவதான் வருவாரு.

இப்படி இருந்துகிட்டே மூணு வருஷத்துல ஒரு நாவலோட முதல் படிய (டிராஃப்ட்ட) முடிச்சேன். 41,000 சொல்லு. நம்ம தமிழ் புத்தகத்துல ஒரு பக்கத்துக்கு சுமார் 200 சொல்லுன்னு வச்சா 200 பக்கத்துக்கு மேல வரும். நல்லா இருக்கான்னு கேக்காதீங்க, அது எனக்கே இன்னும் தெரியல, ஆனா முடிஞ்சிருச்சு. இத வெளிய சொன்னதுலருந்து "டைம் எங்கருந்துடி கெடைக்குது ஒனக்கு"ன்னு கேக்காத ஆளு இல்ல. அதான் ஒரே தடவயா எழுதி போட்டுடறேன், இனிமே கேக்குறவங்களுக்கு இத அனுப்பிட்டு நான் என் வேலைய பாக்கலாம்.

மொதல்ல ஒரு கணக்கு. மூணு வருஷம்னா 1,095 நாளு. 41,000த்த அதால வகுத்தா ஒரு நாளைக்கு 37 சொல்லு. பக்கத்து வீட்டு அக்காவுக்கு "கருவேப்பில இருக்கா"ன்னு ஆரம்பிச்சு அனுப்புற வாட்சாப் மெசேஜே அதவிட நீளமா இருக்கும். இத நான் முடிச்சதுக்கு அப்புறம்தான் கணக்கு போட்டு பாத்தேன், முன்னாடியே பாத்திருந்தா அவ்ளோ பயந்திருக்க மாட்டேன்.

என் பயத்துக்கு ஒரு காரணம் நானோரைமோ. நவம்பர் மாசத்துல 30 நாள்ல 50,000 சொல்லு எழுதணும்னு வெள்ளைக்காரங்க 1999ல ஆரம்பிச்ச ஒரு விளையாட்டு, அத நடத்துன அமைப்பயே 2025ல மூடிட்டாங்க. ஒரு நாளைக்கு 1,667 சொல்லு. நானும் ஒரு வருஷம் எறங்குனேன், நவம்பர்ல. மில்லுல பழம் இன்னும் கொறையல, மழை வேற, தீபாவளி முறுக்கு மாவு கையிலருந்தே போகல. 11 நாள் தாங்குனேன். 12வது நாள் மேசையிலயே தூங்கி காலைல கீபோர்டு தடம் கன்னத்துல இருந்துச்சு. அதுக்கப்புறம் எட்டு மாசம் அந்த ஃபைல தொறக்கவே இல்ல. அந்த விளையாட்டு தப்புன்னு சொல்ல மாட்டேன், அப்படி எழுதி முடிச்சவங்க எத்தனையோ பேரு இருக்காங்க. ஆனா அது நேரம் கையில இருக்கிறவங்களுக்கு, இல்லனா ஒரு மாசம் சமைக்காம இருந்தா யாரும் கேக்காத வீட்டுல இருக்கிறவங்களுக்கு.

அந்த எட்டு மாசத்துல எனக்கு ஒண்ணு புரிஞ்சுச்சு. நேரம் இல்லாதது பாதி பிரச்சனதான். பழைய லயத்து வீட்டுல, அதான் தோட்டத்து ஆளுங்களுக்கு வரிசையா கட்டி குடுத்த வீட்டுல, எங்கம்மா விறகடுப்பு வச்சிருந்தாங்க. ராத்திரி சமைச்சு முடிச்சதும் எரியிற கட்டைய இழுத்துட்டு கங்க சாம்பலுக்குள்ள மூடி வச்சிடுவாங்க. காலைல நாலு மணிக்கு பால்மரம் வெட்ட, அதாவது ரப்பர் மரத்துல பட்டைய சீவி பால் எடுக்க, போகும்போது சாம்பல விலக்கி நாலு ஊது ஊதுனா போதும், நெருப்பு வந்துரும். கங்கு செத்துப் போச்சுன்னா மண்ணெண்ணெய், தீப்பெட்டி, ஈர வெறகு, பொகை, கண்ணு எரிச்சல், அரை மணி நேரம் போயிரும். நமக்கு கெடைக்கிறதே இருவது நிமிஷம்தான், அதுல பதினஞ்சு நிமிஷம் "எங்க விட்டோம், இவ எதுக்கு அழுதா, இவனுக்கு என்னா பேரு வச்சோம்"னு தேடுறதுலயே போனா அப்புறம் எப்படி எழுதுறது? அதனால நான் சொல்றது எல்லாமே கங்கு அணையாம பாத்துக்கிறத பத்திதான்.

இருந்தாலும் நேரத்தயும் எண்ணித்தான் ஆகணும். ரெண்டு வாரம், ரெண்டே வாரம், கையில இருக்கிற ஏதாவது தாள்ல நீங்க சும்மா இருந்த நேரத்த எழுதுங்க. நான் வீணாப்போன டிக்கெட் தாளு பின்னால எழுதுனேன். போன் நோண்டுனது, கோப்பி குடிச்சது, யாருக்காகவோ காத்திருந்தது எல்லாம். எழுதும்போது மாத்தி நடந்துக்க கூடாது, வழக்கமா எப்படி இருப்பீங்களோ அப்படியே இருங்க. எனக்கு தெரிஞ்சது இதான்: தோட்டத்துல விடியக்காலைலதான் வெட்ட ஆரம்பிப்பாங்க, பழம் ரோட்டோரம் சேந்து லோரி ஏறி மில்லுக்கு வர 10, 11 மணி ஆயிரும். சாயங்காலம் வாசல்ல லோரி வரிசைகட்டி நிக்கும், அப்ப மூச்சு விட முடியாது. ஆனா காலைல 7.30லருந்து 10 வரைக்கும் லோரிக்கும் லோரிக்கும் நடுவுல பத்து நிமிஷம், இருவது நிமிஷம்னு ஓட்ட ஓட்டயா நேரம் கெடக்குது. அஞ்சு வருஷமா அந்த நேரத்துல நான் ஷோப்பிங்கிற ஆன்லைன் கடையில நைட்டி பாத்துகிட்டு இருந்திருக்கேன்.

உங்க வேலை வேற மாதிரி இருக்கும். டீச்சரா இருந்தா லீவு நாளு கெடைக்கும், ஆனா பள்ளிக்கூடம் நடக்கும்போது வீட்டுக்கும் நோட்டு புத்தகம் வரும். தாதியா (நர்ஸா) இருந்தா நைட் ஷிஃப்ட் முடிச்ச காலை யாருக்கும் தெரியாத ஒரு நேரம். லோரி ஓட்டுறவங்களுக்கு வரிசைல நிக்கிற நேரம், எங்க மில்லுல ஒரு டிரைவர் தம்பி ரெண்டு மணி நேரம் நின்னுருக்கு ஒரு நாளு. எந்த வேலையிலயும் ஓட்ட இருக்கும், அது எங்க இருக்குன்னு எண்ணி பாக்காம தெரியாது.

இப்ப ஓவர்டைம். இது கொஞ்சம் கசப்பான விஷயம். 2023 ஜனவரிலருந்து நம்ம நாட்டுல வாரத்துக்கு 48 மணி நேரமா இருந்த வேலை நேரத்த 45ஆ கொறச்சிட்டாங்க. எனக்கு ஒரு நாளைக்கு ஏழரை மணி நேரம் வேலை, ஒரு மணி நேரம் சாப்பாடு, மிச்சம் மூணரை மணி நேரம் ஓட்டி (ஓவர்டைம்). 26 நாளுக்கு 91 மணி நேரம் வரும். சட்டப்படி மாசத்துக்கு 104 மணி நேரத்துக்கு மேல ஓட்டி செய்ய வைக்க கூடாது, அதனால நான் வரம்புக்குள்ளதான் இருக்கேன், ஆனா ஒடம்புக்கு அந்த சட்டம் தெரியுமா? 4,000 வெள்ளிக்குள்ள (ரிங்கிட்) சம்பளம் வாங்குறவங்களுக்கு சாதாரண நாள்ல ஒன்றரை மடங்கு, ஓய்வு நாள்ல ரெண்டு மடங்கு, பொது விடுமுறைல மூணு மடங்கு, ஆசை விடாது. நான் மேனேஜர்கிட்ட கேட்டு செவ்வாய்க்கெழம மட்டும் ஓட்டிய விட்டேன். மாசத்துக்கு 14 மணி நேரம் கெடச்சுச்சு, 200 வெள்ளிக்கு மேல போச்சு. 200 வெள்ளிங்கிறது சின்ன புள்ளையோட டியூஷன் காசும் மோட்டோ மாச கட்டும். அந்த காச வீட்டுல எப்படி ஈடு கட்டுறதுன்னு உக்காந்து பேசிட்டுதான் விட்டேன், பேசாம விட்டுருந்தா ஒவ்வொரு செவ்வாயும் குத்தமாவே இருந்திருக்கும். காசு நெருக்கடில இருக்கிறவங்க இத செய்ய வேணாம், ஓட்டைகள்லயே எழுதுங்க, மெதுவா போகும், போகட்டும்.

ஆபீஸ் வேலைல இருக்கிறவங்களுக்கு இன்னொரு வழி இருக்கு, நெறைய பேருக்கு தெரியல. அதே 2023 திருத்தத்துல வேலை நேரத்தயோ நாளயோ எடத்தயோ மாத்தி குடுங்கன்னு எழுத்துல மனு குடுக்க வழி வச்சிருக்காங்க, முதலாளி 60 நாளைக்குள்ள எழுத்துலயே பதில் சொல்லணும், முடியாதுன்னா காரணம் சொல்லணும். "நாவல் எழுதணும்"னு மனுல போடாதீங்கப்பா. குடும்ப தேவைன்னு போடுங்க, பொய் இல்லயே.

கங்கு மூடுறதுக்கு நான் என்னா செய்றேன்னு சொல்றேன். எழுதி நிறுத்தும்போது ஒரு காட்சிய முடிச்சிட்டு நிறுத்த மாட்டேன். வாக்கியத்தயே பாதில விட்டுடுவேன். "அவ கதவ தொறந்தப்ப உள்ள"ன்னு நிக்கும். வீட்டுக்கு போற வழியெல்லாம் அந்த "உள்ள" என்னைய புடுங்கி எடுக்கும், மோட்டோ ஓட்டும்போது, அரிசி களையும்போது, சின்னவளுக்கு தலை வாரும்போது. மறுநாள் ஒக்காந்ததும் விரல் தானா ஓடும். மொதல்ல எனக்கு இது பிடிக்கல, அடுப்புல பால வச்சிட்டு போற மாதிரி ஒரு பதட்டம். பழகுனா சரியாயிரும்.

அப்புறம் ஒரு துண்டு சீட்டு. அடுத்து என்னா வரணும்னு ரெண்டே வரி. "அடுத்து: மாமா கடன் கேக்க வராரு, இவ பொய் சொல்றா." அத போன் உறைக்குள்ள சொருகி வச்சிருப்பேன். நாலு நாள் எழுத முடியலனாலும் அந்த சீட்ட ஒரு நாளைக்கு ஒரு தடவ எடுத்து பாப்பேன், அது போதும், ஊதி விடுற மாதிரி. எழுதலனாலும் தொடணும். மூணு நாளைக்கு மேல தொடாம விட்டா திரும்ப உள்ள போக எனக்கு ஒரு வாரம் ஆகுது, பல தடவ பட்டுட்டேன்.

அப்புறம் ஒரு கேள்விய தூக்கிட்டு வேலைக்கு போங்க. எழுதறதுல பாதி நேரம் யோசிக்கிறதுதான், யோசிக்க மேசை வேணாம். "அவன் ஏன் தோட்டத்த விட்டு போகல?" ஒரே ஒரு கேள்வி. அன்னைக்கு பூரா லோரி நிறுக்கும்போது அது பின்னால ஓடிக்கிட்டே இருக்கும், சாயங்காலத்துக்குள்ள ஏதாவது ஒரு பதில் வந்துரும், பெரும்பாலும் யாராவது டிரைவர் சொல்ற வம்புலருந்து வரும்.

எதுல எழுதுறதுன்னா பெரும்பாலும் போன்லதான். செல்லினம்ங்கிற தமிழ் கீபோர்டு வச்சிருக்கேன், நம்ம மலேசியாக்காரர் முத்து நெடுமாறன் உருவாக்குனது. விரலுக்கு வேகம் வரலனா பேசி எழுதுங்க, கூகுள் கீபோர்டுல 2017லருந்தே தமிழ்ல பேசுனா எழுத்தா வருது. மில்லு சத்தத்துல அது பாவம் என்னென்னவோ கேக்கும், நான் "மங்கு"ன்னு (பால் வந்து விழுற கோப்பை) சொன்னா "மாங்கா"ன்னு போடும், ஒரு அத்தியாயம் முழுக்க பால்மரத்துல மாங்கா தொங்குச்சு. பரவால்ல, ராத்திரி திருத்திக்கலாம். வாய்ல பேசி எழுதுனதுல எனக்கு ஒரு லாபமும் கெடச்சுச்சு, பாத்திரங்க பேசுறது புத்தக தமிழா இல்லாம நம்ம தோட்டத்து ஆளுங்க பேசுற மாதிரியே வந்துருச்சு. சத்தம் தாங்கலனா சும்மா வாய்ஸ் நோட்டா உங்க நம்பருக்கே அனுப்பி வச்சிட்டு அப்புறம் கேட்டு அடிங்க.

ஒரே ஒரு எச்சரிக்கை, இது நான் அடிபட்டு கத்துகிட்டது. கம்பெனி கம்ப்யூட்டர்ல எழுதாதீங்க. நான் வேபிரிட்ஜ் கம்ப்யூட்டர்லயே ஒரு ஃபைல் தொறந்து வச்சிருந்தேன், ஒரு நாள் மேல இருந்து ஆடிட் பாக்க வந்தவங்க அதத் தொறந்துட்டாங்க. முதலிரவு காட்சி. மீதிய நான் சொல்ல தேவையில்ல. எச்சரிக்கை கடிதம் வாங்குனேன், அதவிட ஒரு மாசத்துக்கு கேன்டீன்ல தலை நிமிர முடியல. அதோட 1987 பதிப்புரிமை சட்டத்துல வேலையோட பகுதியா செய்ற எழுத்துக்கு உரிமை முதலாளிக்கு போகும்னு இருக்கு, நாவல் உங்க வேலையோட பகுதி கெடையாதுதான், ஆனா கம்பெனி மெஷின், கம்பெனி நேரம்னு யாரும் வாய தொறக்க எடம் வைக்காதீங்க. சொந்த போன், சொந்த கணக்கு. லோரி வந்தா போன் பைக்குள்ள. நிறுவைல தப்பு வந்தா அது ஒருத்தரோட கூலி, அங்க விளையாட கூடாது.

காலைல எழுந்து எழுதுறத பத்தி எல்லாரும் பெருசா பேசுவாங்க. ஆண்டனி ட்ரோலப்னு 19ம் நூற்றாண்டுல இங்கிலாந்துல ஒருத்தர், தபால் எலாகாவுல பெரிய உத்தியோகம், விடியக்காலை அஞ்சரைக்கு ஒக்காந்து கடிகாரத்த முன்னாடி வச்சிகிட்டு கால் மணி நேரத்துக்கு 250 சொல்லுன்னு எழுதி, வேலைக்கு கெளம்புறதுக்குள்ள முடிச்சிடுவாராம். 40க்கு மேல நாவல் எழுதிட்டாரு. ஆனா அவர காப்பியோட எழுப்பி விடுறதுக்குன்னே ஒரு வேலைக்காரருக்கு வருஷத்துக்கு 5 பவுன் கூட குடுத்தாரு, அத யாரும் சொல்றதில்ல. நானும் ஒரு மாசம் நாலரைக்கு எழுந்து பாத்தேன். அஞ்சு மணிக்கு சின்னவ எழுந்து மடில ஒக்காந்துப்பா, அஞ்சரைக்கு பசியாற செய்யணும், ஆறே முக்காலுக்கு மோட்டோ. அரை தூக்கத்துல எழுதுனத சாயங்காலம் படிச்சா எனக்கே வெளங்கல. காலை ஒத்து வர்றவங்க எழுதுங்க, எனக்கு ஒத்து வரல, அவ்ளோதான். எப்ப எழுதுறோங்கிறது பெருமைக்குரிய விஷயம் இல்ல.

வீட்டு ஆளுங்ககிட்ட நேரம் வாங்குறதுதான் உண்மையான வேலை, மில்லு நேரமெல்லாம் அதுக்கு முன்னால தூசு. ஆம்பள எழுதுனா "அப்பா எழுதுறாரு, சத்தம் போடாத"ம்பாங்க. பொம்பள எழுதுனா "சும்மாதானே ஒக்காந்திருக்க, இந்த வெங்காயத்த உரி." நான் செஞ்சது என்னன்னா, எழுதுற நேரத்துக்கு ஒரு பேரு வச்சேன். "கணக்கு." செவ்வாய் நாலரைலருந்து ஆறு வரைக்கும் அம்மா கணக்கு பாக்குறேன்னு சொன்னா புள்ளைங்களுக்கு அது ஏதோ காசு விஷயம்னு பயம், கிட்ட வராதுங்க. கொஞ்ச நாள் கழிச்சு பெரியவ கண்டுபிடிச்சிட்டா, ஆனா அவளும் தங்கச்சிகிட்ட சொல்லல, அவளே வாசல்ல காவலுக்கு ஒக்காந்துட்டா. எடமும் முக்கியம். எங்க தாமான் (குடியிருப்பு) வீட்டுல தனி ரூம் கெடையாது, பின்னால துணி தொவைக்கிற எடத்துல வாஷிங் மெஷின் மேல நோட்ட வச்சி எழுதுவேன். மெஷின் ஓடுனா நான் துணி தொவைக்கிறேன்னு எல்லாரும் நெனச்சுக்குவாங்க, சத்தத்துல டிவியும் கேக்காது. வீட்டுக்காரர்கிட்ட ஒரே ஒரு தடவ தெளிவா சொன்னேன், "என்னங்க, ஞாயித்துக்கெழம ரெண்டு மணி நேரம் புள்ளைங்கள எங்கயாச்சும் கூட்டிட்டு போங்க, நான் வரல"ன்னு. மொகம் சுருங்குச்சு. வாரத்துக்கு ஒரு நாள் வர்ற மனுஷன், நியாயம்தான். அதனால மாசத்துல ரெண்டு ஞாயிறு மட்டும்னு ஒப்பந்தம். ஜொகூர்ல 2014லருந்து வாரக்கடைசி வெள்ளி சனின்னு இருந்துச்சு, அவருக்கு சிங்கப்பூர்ல ஞாயிறுதான் லீவு, புள்ளைங்களுக்கு அன்னைக்கு பள்ளிக்கூடம், ஒருத்தர ஒருத்தர் பாக்கவே முடியாது. 2025 ஜனவரிலருந்து இங்கயும் சனி ஞாயிறா மாறுனதுக்கு அப்புறம்தான் இந்த ஒப்பந்தமே சாத்தியமாச்சு, என் நாவலோட கடைசி 12,000 சொல்லு அந்த ஞாயிறுகள்லதான் வந்துச்சு.

கல்யாணம், காதுகுத்து, பதினாறாம் நாள் காரியம், தோட்டத்து மாரியம்மன் திருவிழா, இதுல எதயும் வெட்டாதீங்க. போங்க. கத அங்கதான் இருக்கு. நான் வெட்டுனது நாடகம். டிவி நாடகத்த நிறுத்துனேன், ராத்திரி ஒரு மணி நேரம் கெடச்சுச்சு, ஆனா அம்மா தனியா ஒக்காந்து பாத்தாங்க, அது ஒரு மாதிரி இருந்துச்சு. அத எப்படி சரி பண்ணேன்னு பின்னால சொல்றேன்.

நாவலயும் நேரத்துக்கு ஏத்த மாதிரி வெட்டிக்கணும். நூறு வருஷ கதை, ஆறு தலைமொற, அறுவது பாத்திரம்னு ஆரம்பிச்சா துண்டு துண்டா எழுதுறவங்களுக்கு யாரு யாருக்கு மச்சான்னு ஞாபகம் வச்சிக்கவே தனி ஆளு வேணும். நான் ஒரே ஒரு லயம், ஒரே ஒரு வருஷம், ஏழு ஆளுன்னு வச்சிகிட்டேன். அத்தியாயம் ஒவ்வொண்ணும் 800, 900 சொல்லு, நாலஞ்சு ஓட்டையில ஒண்ணு முடிஞ்சிரும். வரிசையாவும் எழுதல. சோர்ந்து போன நாள்ல சண்ட காட்சி எழுதுவேன், அதுக்கு யோசிக்க தேவையில்ல, வாயி தானா வரும். பாத்திரங்க பேரு, வயசு, யாரு யாருக்கு என்னா மொற, இது ஒரு பக்கத்துல, போட்டோ எடுத்து போன்ல.

அப்புறம் பருவம் பாத்து வேலைய பிரிங்க. செம்பனைக்கு வருஷம் பூரா காய்ப்பு இருந்தாலும் பாதி வருஷத்துக்கு மேல ஏறி செப்டம்பர், அக்டோபர்ல உச்சத்துக்கு போகும், ஜனவரி, பிப்ரவரி பக்கம் எறங்கிடும். உச்சத்துல நான் புதுசா ஒண்ணும் எழுத மாட்டேன், சீட்டு, வாய்ஸ் நோட்டு, அவ்ளோதான். பழம் கொறஞ்ச மாசத்துலதான் லீவு எடுப்பேன். ரெண்டு வருஷத்துக்குள்ள வேலை செஞ்சவங்களுக்கு 8 நாள், அதுலருந்து அஞ்சு வருஷம் வரைக்கும் 12, அதுக்கு மேல 16 நாள் வருஷ லீவு சட்டப்படி உண்டு. எனக்கு 16. அதுல நாலு நாள ஒரே சேர்மானமா எடுத்து வச்சிடுவேன், கல்யாணத்துக்கும் குடுக்க மாட்டேன். துண்டு துண்டா எழுதுனத ஒட்ட வைக்கிறதுக்கு மட்டும் நீளமான நேரம் வேணும், ஓட்டையில அது நடக்காது, எது முன்னால வரணும் எது பின்னால வரணும்னு எல்லாத்தயும் தரையில பரப்பி வச்சிட்டு பாக்கணும். உங்க வேலைக்கும் ஒரு மந்தமான மாசம் இருக்கும். கணக்கு முடிக்கிற மாசத்துல நாவல ஆரம்பிக்காதீங்க.

தரையில பரப்புறதுன்னு சொன்னதும் ஞாபகம் வருது. 2023 மார்ச் வெள்ளம் சிகாமட், லாபிஸ், யோங் பெங் பக்கமெல்லாம் பாடா படுத்துச்சு. எங்க வீட்டுல முழங்கால் தண்ணி. புள்ளைங்கள, அம்மாவ, ஐசி (அடையாள அட்டை), பொறப்பு பத்திரம் எல்லாத்தயும் தூக்குனேன், கட்டிலுக்கு அடில இருந்த நோட்ட மறந்துட்டேன். மூணு மாச எழுத்து, பேனா மை கரைஞ்சு ஒரே நீலமா போச்சு. அன்னையிலருந்து நோட்டுல எழுதுனா அன்னைக்கே போட்டோ எடுத்து எனக்கே ஈமெயில் பண்ணிடுவேன், போன்ல எழுதுனா வாரம் ஒரு தடவ. ஒரு நிமிஷ வேலை.

எழுதாத நாளும் வேணும். பால்மரத்தயே பொதுவா ஒரு நாள் விட்டு ஒரு நாள்தான் வெட்டுவாங்க, அதுவும் ஒரு மில்லிமீட்டர், ஒன்றரை மில்லிமீட்டர் பட்டைதான் சீவுறது, ஆழமா போனா மரத்துக்கு காயம், அப்புறம் அந்த எடத்துல பட்ட சரியா வராது. புள்ளைக்கு காய்ச்சல்னா எழுதாதீங்க, ரெண்டு ஷிஃப்ட் சேத்து அடிச்சா எழுதாதீங்க. சீட்ட மட்டும் பாத்துட்டு தூங்குங்க.

நாடகத்த பத்தி சொல்றேன்னு சொன்னேன்ல. அம்மா தனியா ஒக்காந்திருக்காங்கன்னு ஒரு மாதிரி இருந்ததால, ராத்திரி நாடக நேரத்துல எழுதுனத அவங்களுக்கு படிச்சு காட்ட ஆரம்பிச்சேன். அவங்களுக்கு எழுத படிக்க தெரியாது, 30 வருஷம் பால்மரம் வெட்டுனவங்க. வாய்விட்டு படிக்கும்போது தப்பெல்லாம் தானா நாக்குல தடுக்கும், நான் தனியா ஒக்காந்து திருத்துற நேரம் மிச்சம், அம்மாவுக்கும் பொழுது போகும். இருவது நிமிஷம், ஒரு அத்தியாயம். வீட்டுல வயசானவங்க இருந்தா இத கட்டாயம் செஞ்சு பாருங்க.

நான் ரொம்ப பெருமையா எழுதுன ஒரு காட்சி, விடியக்காலை, கொட்டுற மழை, கதாநாயகி அழுதுகிட்டே மரம் வெட்டுறா, மங்குல பாலும் மழையும் ஒண்ணா விழுது. படிச்சு முடிச்சிட்டு நிமிந்து பாத்தேன். அம்மா வெத்தலைய மென்னுகிட்டே, "மழையில எவடி மரம் வெட்டுவா? ஈரப்பட்டையில கத்திய வச்சா பாலு கோட்டுல நிக்காம மரம் பூரா வழிஞ்சு ஓடும், ஒரு சொட்டு மங்குக்கு வராது. மழ பேஞ்சா வேலை இல்ல, சம்பளமும் இல்ல, வீட்டுலதான் ஒக்காந்திருப்பா"ன்னாங்க.

அந்த காட்சி போச்சு. ஆனா மழை பேஞ்சா சம்பளம் இல்லன்னு சொன்னாங்க பாருங்க, கதாநாயகி எதுக்கு கடன் வாங்குனாங்கிறதுக்கு நான் ரெண்டு வருஷமா தேடுன காரணம் அதுல இருந்துச்சு. இப்ப ரெண்டாவது படில ஏழு அத்தியாயத்த மாத்தணும். வர்ற பிப்ரவரில நாலு நாள் லீவுக்கு இப்பவே மனு போட்டுட்டேன்.